வழியாத டேங்க், நெடியில்லாத படகு: மீன்பிடிப் படகில் எரிபொருள் நிரப்புவது குறித்து ஓர் ஆய்வு

மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் நெருக்கமாகக் கட்டியிருக்கும் இடத்தில் தண்ணீரைக் குனிந்து பார்த்தால், வானவில் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் மிதப்பது பெரும்பாலும் கண்ணில் படும். இன்ஜின் அறையிலிருந்து இறைத்துக் கொட்டும் எண்ணெய்த் தண்ணீர், கசியும் கியர்பாக்ஸ், கழுவி ஊற்றிய கிரீஸ் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் தவிர்க்க மிக எளிதானது, எரிபொருள் பிடிக்கும்போது வழிந்து கடலில் விழுவது. அவ்வளவு எளிதானது என்றால் அது ஏன் தொடர்கிறது? கரைக்குத் திரும்பிய பிறகும் உடுப்பை விட்டுப் போகாத டீசல் நெடி படகின் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் தமிழகக் கடற்கரையின் விசைப்படகுகளையும் ஃபைபர் படகுகளையும் முன்வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

டேங்க் வழிந்ததும் நம்மிடம் வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "பையன் கவனிக்கவில்லை." கவனம் தேவை, மறுக்கவில்லை. ஆனால் வழிவதற்கும் நெடிக்குமான காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவை படகு கட்டும்போதும் பராமரிக்கும்போதும் செய்த பிழைகள் என்பது தெரியவரும். நாசிலைப் பிடித்திருப்பவர் மீது மட்டும் பழி போடுவது நியாயமும் இல்லை, அதனால் பயனும் இல்லை.

காற்று வெளியேறும் வழி

வாய் குறுகிய குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினால், காற்று குபுகுபுவென்று வெளியேறிய பிறகுதான் நீர் உள்ளே புகும். டேங்கிலும் நடப்பது இதுதான். உள்ளே இறங்கும் ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் ஒரு லிட்டர் காற்று வெளியேறியாக வேண்டும். அதற்காகத்தான் நிரப்பும் குழாயைத் தவிர, டேங்கின் உச்சியிலிருந்து தனியாக ஒரு காற்றுக் குழாய் வெளியே போகிறது.

சாலையோர பங்க்குகளில் இருக்கும் சாதாரண பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் தள்ளும். நொடிக்கு அரை லிட்டருக்கு மேல். பெரிய வண்டிகளுக்கான பம்ப் இன்னும் வேகமாகத் தள்ளும். அதே வேகத்தில் காற்று வெளியேற வழியில்லை என்றால் டேங்குக்குள் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் வந்த வழியிலேயே எண்ணெயைத் திருப்பியடிக்கும். டேங்க் பாதிகூட நிறையாதபோதே டீசல் மேலே பொங்கித் தெறிப்பதற்கு இதுதான் காரணம். அந்த இடத்தில் எத்தனை கவனமான கையாக இருந்தாலும் பயனில்லை.

காற்றுக் குழாய் அடைபடும் விதங்கள் பல. முதலாவது, குழாய் நேராக மேலே போகாமல் நடுவில் தொய்ந்து வளைந்திருப்பது. படகு ஆடும்போது டேங்கிலிருந்து ஏறிய டீசல் அந்தத் தொய்வில் தேங்கி நிற்கும். வெளியே பார்த்தால் குழாய் சரியாகத்தான் இருக்கும். உள்ளே திரவ மூடி ஒன்று விழுந்திருக்கும். இரண்டாவது, குழாயின் வெளிமுனையில் உள்ள கம்பிவலை. தீப்பொறி உள்ளே போகாமல் தடுக்க வைத்த அந்த வலையில் உப்பு பூத்துக் கண்கள் அடைந்துவிடும். ஆண்டுக்கொரு முறை படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது வலைமேலும் சேர்த்து அடித்துவிடுவது இதைவிடப் பெரிய காரணம். மூன்றாவது, பூச்சிகள் உள்ளே கூடு கட்டுவது. வலை கிழிந்த குழாயில், பல வாரம் படகு கட்டிக் கிடந்தால், இது நடக்கும்.

எனவே குழாய் டேங்கிலிருந்து வெளிமுனை வரை எங்கும் இறங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நிரப்பும் குழாய் ஒன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும். அதுவும் தொய்வில்லாமல் டேங்கை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். காற்றுக் குழாயின் வெளிமுனை வாத்துக் கழுத்துபோல் கீழ்நோக்கி வளைந்து, அலையும் மழையும் புகாத உயரத்தில் இருப்பது நல்லது. புதுப் படகு கட்டுகிறவர்கள் இன்ஜினின் குதிரைத்திறனை விசாரிக்கும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை இந்தக் குழாய்மீது காட்டினால் பாதித் தொல்லை அப்போதே தீர்ந்துவிடும்.

தானாக நிற்கும் நாசில் படகில் ஏன் ஏமாற்றுகிறது

பங்க் நாசிலின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. எண்ணெய் வேகமாக ஓடும்போது நாசிலுக்குள் ஓர் உறிஞ்சல் உண்டாகி, அந்தத் துளை வழியே காற்று இழுக்கப்படும். எண்ணெய் மட்டம் ஏறித் துளையை மூடியதும் காற்று நின்றுபோய் உறிஞ்சல் கூடும். உள்ளே உள்ள சவ்வு இழுபட்டு நெம்புகோலை விடுவிக்கும். "டக்" என்ற சத்தத்தோடு ஓட்டம் நிற்கும்.

இந்த ஏற்பாடு கார், லாரி டேங்குகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. படகில் இது பிசகுவதற்குக் காரணங்கள் தெளிவானவை. நீண்டு வளைந்த நிரப்பும் குழாயில் தெறிக்கும் டீசல், டேங்க் காலியாக இருக்கும்போதே துளையை நனைத்து ஓட்டத்தை நிறுத்திவிடும். நான்கு முறை அப்படி நின்றால், பிடிப்பவர் நாசிலை வெளியே இழுத்துப் பிடித்தபடி நிரப்பத் தொடங்குவார். அப்போது துளை எண்ணெயைத் தொடவே வாய்ப்பில்லை. மெதுவாக விட்டாலும் போதிய உறிஞ்சல் உண்டாகாமல் நாசில் நிற்காது. ஆகவே கடைசிக் கட்டத்தில் நாசிலை நம்பக் கூடாது. நெம்புகோலைக் கொக்கியில் மாட்டிவிட்டு நகரவே கூடாது. "டக்" என்று நின்ற பிறகு, ரூபாய்க் கணக்கை முழுதாக்க இன்னும் கொஞ்சம் ஊற்றுவதும் கூடாது. வழிந்து விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசி லிட்டர்தான்.

அனுபவமுள்ளவர்கள் செய்வதைப் பார்த்தால் வழி தெரியும். ஒருவர் நாசிலைப் பிடிக்கிறார். இன்னொருவர் காற்றுக் குழாயின் முனையில் உள்ளங்கையைக் காட்டியபடி நிற்கிறார். காற்று சீராகக் கையில் பட்டால் எல்லாம் சரி. டேங்க் நிறைய நிறைய உள்ளே விழும் சத்தம் மாறும். ஆழமான ஓசை மெல்ல உயர்ந்து கீச்சிடத் தொடங்கும். அந்த ஓசை மாறியதும் அவர் கையைத் தூக்குகிறார், பம்பின் வேகம் குறைகிறது. குழாயிலிருந்து காற்றோடு ஈரம் தெறிப்பதற்கு முன்பே ஓட்டம் நின்றுவிடுகிறது. இதற்குச் செலவில்லை. ஓர் ஆள் கூடுதலாக ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஆனால் அந்த நேரத்தில் மற்ற இன்ஜின்களும் ஒலிபெருக்கிகளும் ஓய்ந்திருக்க வேண்டும்.

நிறைந்தது என்பது எவ்வளவு

வெப்பத்தில் டீசல் விரியும். ஒரு டிகிரி கூடினால் ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் விரியும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் டீசல் ஓரளவு குளிர்ந்திருக்கும். விடியற்காலையில் ஆயிரம் லிட்டரை விளிம்பு வரை பிடித்த டேங்க், நண்பகலுக்குள் 12 டிகிரி சூடேறினால் பத்து லிட்டர் எண்ணெய்க்கு இடமிருக்காது. அது காற்றுக் குழாய் வழியே கடலுக்குப் போகும். அப்போது பங்க் ஊழியரும் அருகில் இல்லை, நாசிலும் இல்லை. யாரும் பார்க்காமலேயே வழிகிறது. பெட்ரோல் இன்னும் கூடுதலாக விரியும்: 25 லிட்டர் அவுட்போர்டு டேங்க் வெயிலில் 15 டிகிரி சூடேறினால் மூன்றில் ஒரு லிட்டருக்கு மேல் பிதுங்கும்.

எனவே நூறு லிட்டர் டேங்க்குக்கு 95 லிட்டர்தான் நிறைவு. மீதி ஐந்து விரிவுக்கும் ஆட்டத்துக்குமான இடம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயோ, அடையாளமிட்ட அளவுகோலோ கட்டாயம் வேண்டும். பிடிப்பதற்கு முன் அளந்து, தேவையை லிட்டரில் சொல்லிப் பிடிக்க வேண்டும். "ஃபுல் பண்ணு" என்ற சொல் படகில் புழங்கவே கூடாது.

படகின் சாய்வும் இங்கே முக்கியம். ஒரு பக்கம் ஐஸ் ஏற்றிச் சாய்ந்திருக்கும் படகில் டேங்க் நிறைவது வேறு, சமமாக நிற்கும் படகில் நிறைவது வேறு. இடம் வலம் என்று இரண்டு டேங்குகள் இணைப்புக் குழாயோடு இருந்தால், ஒன்றில் ஊற்றுவது மற்றொன்றுக்கு ஓடித் தாழ்ந்த பக்கக் காற்றுக் குழாயில் வழியும். இணைப்பு வால்வை மூடி, ஒவ்வொன்றாகப் பிடிப்பதே முறை.

நெடுந்தொலைவு போகிறவர்களுக்கு இது இழப்பாகத் தோன்றலாம். தூத்தூர் பகுதி ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை; அவர்களுக்கு ஒவ்வொரு லிட்டரும் கணக்கு. ஆனால் விளிம்பு வரை ஊற்றிய ஐந்து சதவீதத்தில் ஒரு பங்கு வெயில் ஏறியதும் கடலுக்குத்தான் போகிறது. தமிழக அரசு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்றிருந்த வரிவிலக்கு டீசலை 19,000 லிட்டராக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தது. வழிந்து போகும் டீசலும் அந்த ஒதுக்கீட்டிலிருந்துதான் கழிகிறது.

நெடி எங்கிருந்து வருகிறது

வழிந்ததைத் துடைத்த பிறகும் நெடி போகவில்லை என்றால், எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். தேட வேண்டிய இடங்கள் வரிசையாக இவை: நிரப்பும் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருப்பது, அளவுகாட்டி பொருத்திய இடத்தின் கேஸ்கட், ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருப்பது, காற்றுக் குழாய் டேங்கோடு சேரும் மூட்டு, ஃபில்டரின் அடிப்பகுதித் திருகு, இன்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல் குழாய். நிரப்பும் குழாயில் எண்ணெய் எப்போதும் இருப்பதில்லை. அதனால் அதன் வெடிப்பு சாதாரண நாளில் சொட்டாது. டீசல் பிடிக்கும் நாளில் மட்டும் உள்ளுக்குள் ஒழுகும். "பிடித்த அன்று மட்டும் நாறுகிறது" என்று சொல்லும் படகுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஹோஸ் வெளியே ஈரமில்லாமல் இருந்தாலும் ரப்பர் வழியே ஆவி ஊறி வரலாம். சோதிக்க எளிய வழி உண்டு. சுத்தமான உலர்ந்த துணியால் ஹோஸை நீளவாக்கில் அழுத்தித் துடைத்து, படகை விட்டுத் தள்ளி வந்து துணியை முகர வேண்டும். துணியில் எரிபொருள் வாடை இருந்தால் அந்த ஹோஸின் காலம் முடிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயை எரிபொருளுக்குப் போடுவதும், மோட்டார் சைக்கிள் ட்யூப்பைக் கத்தரித்துச் சுற்றுவதும் சில வாரத்துத் தீர்வுகள். பிறகு அவையே கசிவாகும்.

பெட்ரோலில் இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்துள்ளது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் விற்பனைக்கு வந்துவிட்டது. அவுட்போர்டு இன்ஜின் தயாரிப்பாளர்கள் பலரும் 10 சதவீதத்தையே உச்ச வரம்பாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். எத்தனால் பழைய ரப்பரை மென்மையாக்கும். பழைய கண்ணாடியிழை டேங்கின் பிசினையும் தாக்கும். கடற்காற்றின் ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எனவே பழைய ஹோஸ்களை எத்தனாலுக்கு ஏற்றவையாக மாற்றுவதும், பெட்ரோலைப் பல வாரம் தேக்கி வைக்காமல் இருப்பதும் அவசியம்.

நெடியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூக்கு மிகச் சிறிய அளவையும் கண்டுபிடிக்கும். ஆனால் விரைவில் பழகிவிடும். "இப்போது வாடை இல்லை" என்று படகிலேயே இருந்தவர் சொல்வதை நம்பக் கூடாது. வெளியிலிருந்து புதிதாக வருபவர் முகர்ந்து சொல்ல வேண்டும்.

"டீசல் தீப்பிடிக்காது" என்ற நம்பிக்கை

பெட்ரோலின் ஆபத்தை எல்லோரும் அறிவார்கள். மைனஸ் 40 டிகிரி அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை அது வெளியிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் படகின் அடித்தட்டில், இன்ஜின் குழியில், வலை வைக்கும் பள்ளத்தில் இறங்கித் தங்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே பொறிக்குக் காத்திருக்கும். ஒரு டம்ளர் பெட்ரோல் முழுதும் ஆவியானால், ஏறத்தாழ இரண்டு கனமீட்டர் காற்றை, அதாவது ஒரு சிறிய இன்ஜின் அறையளவை, அந்த நிலைக்குக் கொண்டுவர முடியும்.

டீசலைப் பற்றிய நம்பிக்கைதான் திருத்தப்பட வேண்டியது. அனைத்துலகக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை, கப்பல் எரிபொருளின் தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது. நம் பங்க்குகளில் விற்கும் வாகன டீசலுக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்த அளவு 35 டிகிரிதான். மண்ணெண்ணெய்க்கும் அதே 35. நம் கடற்கரையில் மே மாத மதியத்தில் இன்ஜின் அறை இந்த வெப்பத்தை எளிதில் தாண்டும். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் பெட்ரோலை முதல் வகுப்பிலும் டீசலையும் மண்ணெண்ணெயையும் அடுத்த வகுப்பிலும் வைக்கிறது. அபாயமற்றது என்று எந்த வகுப்பிலும் வைக்கவில்லை. சூடான சைலன்சர்மேல் தெறித்த டீசலும், எண்ணெய் ஊறிய துணியும் படகை எரிக்கப் போதும்.

எனவே பிடிக்கும்போது இன்ஜின், அடுப்பு, பீடி, சிகரெட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். மூடிகளும் கதவுகளும் சாத்தியிருக்க வேண்டும்; அப்போதுதான் ஆவி உள்ளே இறங்காது. பிடித்து முடித்துத் துடைத்த பிறகு எல்லாவற்றையும் திறந்து காற்றோட விட்டு, அடித்தட்டை முகர்ந்து பார்த்த பின்பே சுவிட்சைத் தொட வேண்டும். மூடிய அறையில் பெட்ரோல் இன்ஜின் வைத்த படகுகளில், கிளப்புவதற்கு முன் நான்கு நிமிடம் காற்றூதியை ஓட்டச் சொல்கிறது அமெரிக்கக் கடலோரக் காவல்படை.

கேனும் புனலும்

துறைமுக பங்க் இல்லாத ஊர்களில் ஃபைபர் படகுகள் கேனை நம்பியே இருக்கின்றன. மணலில் சுமந்து வந்து, ஆடும் படகில் ஏறி, கேனைச் சரித்துப் புனலில் ஊற்றுவது கடினமான வேலை. மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுக்கு, கிளப்புவதற்கு என்று தனியே கொஞ்சம் பெட்ரோலும் வேண்டும். ஆக இரண்டு எரிபொருள், இரண்டு கேன், இருமடங்குச் சிந்தல்.

இங்கே செய்ய வேண்டியவை சில. கழற்றக்கூடிய டேங்கைக் கரைக்கு எடுத்து வந்து நிரப்ப வேண்டும். பங்க்கில் கேனை வண்டியிலோ படகுத் தட்டிலோ வைத்துப் பிடிக்காமல் தரையில் இறக்கி வைத்து, நாசிலின் உலோகம் கேனின் வாயைத் தொட்டபடி பிடிக்க வேண்டும். ஓடும் எரிபொருளில் உண்டாகும் நிலைமின்சாரம் பொறியாகாமல் இருக்க இதுவே காப்பு. அவுட்போர்டு டேங்க் மூடியில் உள்ள சிறு காற்றுத் திருகை ஓட்டும்போது திறக்கவும், நிறுத்தி வைக்கும்போது மூடவும் பழக வேண்டும். மூடிய டேங்கை வெயிலில் போட்டால் உள்ளழுத்தம் எரிபொருளை ஹோஸ் வழியே இன்ஜினுக்குள் தள்ளும். எனவே ஹோஸைக் கழற்றி, டேங்கை நிழலில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, வாயால் உறிஞ்சி ட்யூப்பில் இழுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ மிகச் சிறிய அளவு நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி வரும். விழுங்கியவரை வாந்தியெடுக்க வைத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும்; வாந்தியெடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கைப்பம்ப் இந்த ஆபத்தை முழுதும் நீக்கிவிடும்.

சிந்தியது எங்கே போகிறது

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததையும் வடசென்னை மீனவர்கள் மறக்க மாட்டார்கள். வலையும் படகும் கறுத்தன. மீனை வாங்க ஆளில்லை. அந்த அளவோடு படகில் வழியும் டீசலை ஒப்பிட முடியாது. ஆனால் துறைமுகத் தேக்கத்தில் நாள்தோறும் சேரும் சிறு சிறு சிந்தல், மீன் முட்டைக்கும் குஞ்சுக்கும் நஞ்சுதான். மீனின் கொழுப்பு எண்ணெய் வாடையை ஈர்த்துக்கொள்ளும். ஐஸ் பெட்டி அருகே சிந்திய டீசல், ஒரு வாரம் பாடுபட்டுப் பிடித்த மீனின் விலையை ஏலத்தில் இறக்கிவிடும்.

சிந்தினால் சோப்புத்தூளோ பாத்திரம் துலக்கும் திரவமோ ஊற்றிக் கழுவிவிடுவது பெருந்தவறு. படலம் கண்ணுக்கு மறையும். எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து நீருக்குள் இறங்கி, இன்னும் கூடுதலாகத் தீங்கு செய்யும். எண்ணெயை மட்டும் உறிஞ்சித் தண்ணீரை விலக்கும் செயற்கை விரிப்புகள் கிடைக்கின்றன. நம் ஊர் இலவம் பஞ்சும் அதே குணம் கொண்டது. பழைய தலையணைப் பஞ்சை மெல்லிய துணிப்பையில் கட்டி நிரப்பும் வாயைச் சுற்றியும் காற்றுக் குழாயின் அடியிலும் வைத்தால், தெறிக்கும் துளிகளை அது பிடித்துக்கொள்ளும்.

வெளிநாட்டுப் படகுகளில் காற்றுக் குழாயில் பொருத்தும் பிரிகலன் உண்டு. ஏறிவரும் எண்ணெயைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும். காற்று ஓடும்வரை ஒலித்து, டேங்க் நிறையும்போது ஓயும் ஊதலும் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-இல் வெளியிட்ட விதிகள், புதிய பெட்ரோல் படகுகளின் ஆவிக் கசிவைக் கட்டுப்படுத்தும் பொறுப்பைக் கட்டுகிறவர் மேல் வைத்தன. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: பொறுப்பு பட்டறையில் தொடங்குகிறது.

முடிவுரை

காற்றுக் குழாய் தடையின்றி இருப்பது, ஐந்து சதவீத இடம் விடுவது, நாசிலை விட்டுக் கை எடுக்காதது ஆகிய மூன்றும் சேர்ந்தால் வழிவது நிற்கும். மூடி, மூட்டு, ஹோஸ் மூன்றும் நல்ல நிலையில் இருந்தால் நெடியும் நிற்கும். கட்டுகிறவர் குழாயைச் சரியாகப் போட வேண்டும். உரிமையாளர் ஹோஸ் மாற்றப் பணம் தர வேண்டும். பங்க் நடத்துகிறவர் படகுக்கு ஏற்ற வேகத்தில் பம்பை வைத்து, உறிஞ்சும் பொருளைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் நாசிலைப் பிடித்த பையனிடம் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு வரும்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் அந்த நாட்களில், படகு உரிமையாளர்கள் ஒரு காலைப்பொழுதை எரிபொருள் வழிக்கு ஒதுக்க வேண்டும். காற்றுக் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். கம்பிவலையைத் தேய்த்துக் கழுவி, பெயின்ட் படாமல் மூடி வையுங்கள். ஒவ்வொரு ஹோஸையும் துணியால் துடைத்து முகருங்கள். கிளிப்புகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுங்கள். அளவுகோலில் 95 சதவீதக் கோட்டை அழியாத பெயின்ட்டில் போடுங்கள். தடைக்காலம் முடிந்து முதல் டீசல் பிடிக்கும் நாளுக்குள் இவற்றை முடித்துவிடுங்கள்.